தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் தண்ணீரைக் குறைக்கலாமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். சவூதியில் ஹஃபர் அல் பாத்தின் பக்கம் மூன்று வருஷமாகத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். பாலைவனத்துக்குள் இருக்கும் ஒட்டகப் பட்டிகளுக்குத்தான் பெரும்பாலும் லோடு. ஜூலை மத்தியானத்தில் நாங்கள் வண்டி நிழலில் ஒண்டுகிறோம். ஒட்டகம் மட்டும் வெட்டவெளியில் சூரியனைப் பார்த்து உட்கார்ந்து அசைபோடுகிறது. ஒரு வாரம் தண்ணீர் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்கிறார் பட்டிக்காரர். திமிலில் தண்ணீர் இருப்பது உண்மையா? எங்கள் ரூமில் ஓர் அண்ணன், ‘எல்லாம் பழக்கம்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நம் உடம்பும் பழகிவிடும்’ என்கிறார். வண்டியை நிறுத்தி ஒதுங்குவது சிரமம் என்பதால் நானும் இரண்டு மாதமாகக் குறைத்துப் பார்க்கிறேன். இப்போது சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போகிறது, இடுப்புக்கு மேலே ஒரு பக்கம் பிடிக்கிறது. பழகுகிற வரை அப்படித்தான் இருக்குமா? இன்னொன்று. போன வாரம் ஓர் ஒட்டகம் செத்த ஆட்டின் எலும்பை மென்றுகொண்டிருந்தது. ஒட்டகம் கறி தின்னுமா?

பதில்: தம்பி, ஒட்டகத்தைப் பற்றி ஆசையாகக் கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கட்டன் சாயா சமாசாரம். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நான் கால்நடை மருத்துவன். எங்கள் ஊரில் மாட்டு டாக்டர் என்றால்தான் தெரியும். மனிதருக்கு மருந்து எழுத எனக்கு உரிமை கிடையாது. ஆனால் ஒரு காளை இந்த நிறத்தில் மூத்திரம் பெய்து, ஒரு பக்கத்தைத் தொட்டால் நெளிகிறது என்று யாராவது சொன்னால், சாப்பாட்டில் பாதியில் எழுந்து போயிருப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை வரை தள்ளாமல் நாளைக்கே இக்காமாவையும் (அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை) இன்சூரன்ஸ் அட்டையையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு), தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன். கல்லாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். அதுவரை வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். உடம்பு வறண்டிருக்கும்போது சாதாரண வலி மாத்திரைகளே சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீரைக் குறைப்பதை இந்த வரியைப் படிக்கிற நிமிஷத்தோடு நிறுத்திவிடுங்கள்.

சரி, இப்போது ஒட்டகம்.

திமிலில் இருப்பது முழுக்கக் கொழுப்பு. ஒட்டகம் அறுக்கும்போது நின்று பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ‘அந்தக் கொழுப்பு கரைந்து தண்ணீராகும்’ என்று கொஞ்சம் படித்தவர்கள் வாதாடுவதுண்டு. ஒரு கிலோ கொழுப்பு உடம்புக்குள் எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலேயே தண்ணீர் உண்டாகும் என்பது நிஜம்தான். ஆனால் எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதற்கு மூச்சு விட வேண்டும், அந்த வறண்ட காற்றில் விடும் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் வெளியே போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. திமில் என்பது தீனி மூட்டை. அதை முதுகில் ஒரே இடத்தில் குவித்து வைத்ததில்தான் சூட்சுமம். அதே கொழுப்பு நமக்கு இருப்பதுபோல் தோலுக்கடியில் உடம்பு முழுக்கப் பரவியிருந்தால், கம்பளி போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்பதுபோல் ஆகியிருக்கும்.

நான் வேலையில் இருந்தபோது பயிற்சிக்காகச் சில வாரம் ராஜஸ்தானில் பீகானேரில் இருந்தேன். மே மாதம். விடிவதற்கு முன்னால் ஓர் ஒட்டகத்தின் வாலைத் தூக்கித் தெர்மாமீட்டர் வைத்தேன். 35 டிகிரி. மாட்டுக்குச் சாதாரணமாக 38.5 இருக்கும்; 35 என்றால் அந்த மாடு பிழைப்பதே சந்தேகம். கருவியை உதறி மறுபடி வைத்தேன், அதே 35. சாயங்காலம் நாலு மணிக்கு அதே ஒட்டகத்துக்கு 40-ஐத் தாண்டியிருந்தது. மாடாக இருந்தால் கடும் காய்ச்சல் என்று ஊசி போட்டிருப்பேன். பக்கத்தில் நின்ற ரைக்கா பெரியவர் (அங்கே தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் மேய்ப்பவர்கள் ரைக்கா சமூகத்தார்) என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதற்கு மூன்று நாளாகத் தண்ணீர் காட்டவில்லை என்றார். பக்கத்துப் பட்டியில் தினமும் தண்ணீர் குடிக்கும் ஒட்டகத்துக்கு வைத்துப் பார்த்தபோது காலைக்கும் மாலைக்கும் இரண்டு டிகிரிதான் வித்தியாசம்.

இதை அளந்து எழுதியவர்கள் நட் ஷ்மிட்-நீல்சனும் அவர் மனைவி போடிலும். 1953, 54-இல் அல்ஜீரியாவில் சஹாராவின் ஓரத்தில் பெனி அபெஸ் என்ற பாலைவனச் சோலையில் ஒட்டகங்களை வைத்துப் பார்த்தார்கள். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தின் உடல் சூடு ஒரே நாளில் 34-லிருந்து 40-க்கு மேல் வரை ஏறி இறங்கும் என்று கண்டார்கள். ஏன் இப்படி? நமக்கு 37-ஐத் தாண்டி அரை டிகிரி ஏறினாலே உடம்பு வேர்வையைக் கொட்டி இறக்கப் பார்க்கிறது. ஒட்டகம் அந்தச் சூட்டை வாங்கி உடம்பிலேயே அடக்கி வைத்துக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த காற்று வந்ததும் சும்மா வெளியே விட்டுவிடுகிறது. 500 கிலோ எடையுள்ள உடம்பு ஆறு டிகிரி ஏறும்வரை வேர்க்காமல் இருந்தால் நாலைந்து லிட்டர் தண்ணீர் மிச்சம். இன்னொரு லாபமும் உண்டு. உடம்பே 40-இல் இருக்கும்போது வெளிக்காற்றுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி குறைந்துபோகிறது. உள்ளே பாய்கிற சூடும் குறைகிறது. 40-இல் மூளை வெந்துவிடாதா என்றால், மூக்கிலிருந்து குளிர்ந்து திரும்பும் ரத்தம், மூளைக்குப் போகிற ரத்தத்தை வழியிலேயே வலைபோன்ற நுண்ணிய குழாய்களில் குளிர்விக்கிறது. ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட இந்த வலை உண்டு. நமக்குத்தான் இல்லை.

சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் கவனித்தது எனக்குப் பிடித்திருந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் விலா முழுக்க வெயில் விழும். முகத்தைக் காட்டி உட்கார்ந்தால் வெயில் படும் இடம் சுருங்கிவிடும். அடுத்த முறை குனிந்து அடியில் பாருங்கள். நெஞ்சில் காய்த்துப்போன தட்டு ஒன்று இருக்கும், பழைய செருப்பின் அடிபோல. உட்காரும்போது அதுவும் முட்டிகளும்தான் தரையில் ஊன்றுகின்றன. வயிற்றுக்கடியில் காற்று போக இடைவெளி கிடைக்கிறது. விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்போதே உட்கார்ந்து, பகல் முழுக்க அந்த இடத்தை விடாமல் இருப்பதும் உண்டு. நாலைந்து ஒட்டகம் ஒட்டி ஒட்டிப் படுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றுக்கு.

முதுகு ரோமத்தையும் பாருங்கள். பெனி அபெஸில் ஓர் ஒட்டகத்துக்கு ரோமத்தை மழித்துப் பார்த்தார்கள். வேர்வைச் செலவு பாதிக்குப் பாதி கூடிவிட்டது. இதை ரூமில் முண்டா பனியனோடு வேலைக்குக் கிளம்பும் யாருக்காவது சொல்லுங்கள். அங்கத்து ஆட்கள் கணுக்கால் வரை தொளதொளவென்று போட்டிருப்பது சும்மா இல்லை. சினாய் பாலைவனத்தில் பெதூயின்கள் (நாடோடி அரபிகள்) வெயிலில் கறுப்பு அங்கி போடுகிறார்களே என்று 1980-இல் சிலர் அளந்து பார்த்து எழுதினார்கள். அங்கி கறுப்பானாலும் வெள்ளையானாலும் தோலைச் சேரும் சூடு ஒன்றுதான்; தொளதொளப்பாக இருப்பதால் உள்ளே காற்று ஓடிக் கூடுதல் சூட்டைக் கொண்டுபோய்விடுகிறது.

மூக்கு இன்னொரு அதிசயம். குளிர்ந்த ராத்திரியில் ஒட்டகம் உள்ளே இழுக்கும் காற்று மூக்குச் சுருள்களைக் குளிரவைத்துவிடுகிறது; நுரையீரலிலிருந்து வரும் ஈரக்காற்று அதன்மேல் பட்டு ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. நம்முடைய மூச்சில் கண்ணாடி மங்குகிறதல்லவா, அந்த ஈரத்தில் பெரும்பகுதியை அது வெளியே விடுவதே இல்லை. சிறுநீரை நம்மைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டியாக்கும். புழுக்கை போட்ட கொஞ்ச நேரத்தில் அடுப்பில் எரிக்கும் அளவுக்கு வறண்டிருக்கும். செலவாகக்கூடிய ஒவ்வொரு ஓட்டையையும் அது அடைத்து வைத்திருக்கிறது.

இவ்வளவும் செய்தும் தண்ணீர் குறையத்தான் செய்யும். வயிற்றிலிருந்தும் தசையிலிருந்தும் போகும். உடல் எடையில் கால்வாசி போனாலும் ஒட்டகம் நிற்கும், நடக்கும். காரணம், ரத்தத்தில் உள்ள தண்ணீரை அது கடைசிவரை விட்டுக்கொடுப்பதில்லை. நமக்கு நேர்மாறு. முதலில் ரத்தம் சுண்டுகிறது. சுண்டிய ரத்தத்தை இதயத்தால் தோலுக்குத் தள்ள முடியாது. சூடு வெளியேற வழியில்லாமல் உடம்பு சரேலென்று கொதிக்கத் தொடங்கும். எடையில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் போனால் அந்த வெயிலில் மனிதன் பிழைப்பது கடினம். அதற்கு வெகு முன்னாலேயே கண் இருட்டும். நீங்கள் ஸ்டியரிங் பிடிக்கிறவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டேங்கர் போய் நிற்கும்போது நடப்பதை அடுத்த முறை கடிகாரத்தோடு பாருங்கள். விலா ஒட்டி, வயிறு குழிந்து வந்த ஒட்டகம், தொட்டியில் வாயை வைத்தால் பத்து நிமிஷத்தில் 100 லிட்டருக்கு மேல் இழுத்ததைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நீங்கள் ஹோஸைச் சுருட்டுவதற்குள் குழிந்த வயிறு நிமிர்ந்துவிடும். மனிதன் இப்படி ஒரேயடியாகக் குடித்தால் ரத்தம் நீர்த்து உயிருக்கே ஆபத்து. ஒட்டகத்தின் ரத்தச் சிவப்பணு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். தண்ணீரில் உப்பி 240 சதவீதம்வரை பெருத்தாலும் வெடிக்காது. குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்கி மெல்ல மெல்லத்தான் ரத்தத்தில் கலக்கிறது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? போன எடை அவ்வளவையும் அது திரும்பக் குடித்தே தீர்க்கிறது. தண்ணீர் இல்லாமல் இருக்க அது பழகிக்கொள்ளவே இல்லை. கடன் வாங்குகிறது, நீங்கள் போய் அடைக்கிறீர்கள். உங்கள் லாரி வராவிட்டால் ஒட்டகமும் சாகும். பட்டிக்காரர் சொல்லும் ஒரு வாரக் கணக்கு நிஜம். குளிர்காலத்தில் மழை பெய்து பச்சை முளைத்திருந்தால் மாதக்கணக்கில்கூடத் தொட்டிப் பக்கம் வராது. குடிக்க வேண்டியதைத் தின்றுவிடுகிறது.

பால் விஷயம் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கறவை மாட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் குறைந்தாலே பால் சுண்டிவிடும். தாகத்தில் இருக்கும் ஒட்டகத்தின் பாலை அளந்தபோது நீர்ச்சத்து 86 சதவீதத்திலிருந்து 91-க்கு ஏறியிருந்தது. தன் வாய் காய்ந்துகிடக்கும்போது குட்டிக்குத் தண்ணீரைக் கூட்டிக் கொடுக்கிறது. முப்பது வருஷம் கறவை மாடுகளோடு கிடந்தவன் நான், இதைப் படித்த அன்று ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் ரூம் அண்ணன் ஒட்டகத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘எல்லாம் பழக்கம்’ என்கிறார். அங்கேயே மற்றதையும் பார்க்கச் சொல்லுங்கள். பாலைவனத்தில் இருக்கிற பிராணிகளில் பாதிக்கு மேல் வெயிலைத் தாங்குவதே இல்லை, ஓடி ஒளிகின்றன. கங்காரு மாதிரித் தத்தும் ஜெர்போவா எலி பகலெல்லாம் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே தூங்குகிறது. அரபிகள் ‘தப்’ என்று சொல்லும் முள்வால் ஓணானைப் பார்த்திருப்பீர்கள், அதைப் பிடித்துச் சுட்டுத் தின்பார்கள். காலையில் கருகருவென்று வெயில் காயும். உடம்பு சூடேறியதும் மஞ்சளாக வெளுத்துவிடும். உச்சி வெயிலில் வளைக்குள். அதன் மூக்கு ஓட்டையில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். அது உப்பு. சிறுநீரில் தண்ணீரைச் செலவழிக்காமல் உப்பை மூக்கு வழியாகத் தனியே கழித்துவிடுகிறது. சவூதியின் மணல் மான்களுக்குத் தீனியும் தண்ணீரும் குறைத்துப் பார்த்தபோது ஈரல் 45 சதவீதமும் இதயம் 20 சதவீதமும் சுருங்கியிருந்தன. உறுப்பு சிறியதானால் அதற்கு வேண்டிய ஆக்சிஜன் குறைவு, மூச்சு குறைவு, மூச்சோடு போகும் ஈரமும் குறைவு. உங்களால் ஈரலைச் சுருக்க முடியுமா என்று அண்ணனைக் கேளுங்கள்.

மனிதனைப் பழக்கிப் பார்க்காமலும் இல்லை. 1940-களில் எட்வர்ட் அடால்ஃப் என்ற அமெரிக்க உடலியலாளரும் அவர் குழுவினரும் கலிபோர்னியா பாலைவனத்தில் ராணுவ வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். அப்போது ராணுவத்திலும் உங்கள் அண்ணனின் கட்சிதான்: தண்ணீரைக் குறைத்துக் குறைத்துப் பழக்கினால் படை தாங்கும் என்று. யாரும் பழகவில்லை. குறைத்துக் குடித்தவர்களுக்கும் வேர்வை அதே அளவுதான் போனது. சீக்கிரம் சோர்ந்தார்கள், அவ்வளவே. கூஜாவில் மிச்சம் பிடித்து வைப்பதைவிடத் தண்ணீர் வயிற்றில் இருப்பதே மேல் என்று முடித்தார்கள்.

நம் உடம்பு வெயிலுக்குப் பழகாது என்று நான் சொல்லவில்லை. புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். எப்படிப் பழகுகிறது தெரியுமா? முன்னைவிடச் சீக்கிரமாக வேர்க்கும், அதிகமாக வேர்க்கும், வேர்வையில் உப்பு குறையும். அதாவது வெயிலுக்குப் பழகிய ஆளுக்குத் தண்ணீர் கூடுதலாகத்தான் வேண்டும். மூன்று வருஷம் அங்கே இருந்த உங்கள் உடம்பு அப்படித்தான் பழகியிருக்கும். நீங்கள் அதற்கு எரிபொருளை நிறுத்தியிருக்கிறீர்கள். இப்படி வருஷக்கணக்கில் வெயிலில் உழைத்து உடம்பு வற்றிப்போய், மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டும் இளவட்டங்கள் ஏராளமானோர் சிறுநீரகம் பழுதாகிக் கிடக்கிறார்கள்.

ஒதுங்கச் சிரமம் என்பதுதான் உண்மையான காரணம் என்று புரிகிறது. அதற்கு வண்டியில் அகல வாய் பாட்டில் ஒன்றை மூடியோடு வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுகிறவர்களுக்கு இதில் வெட்கம் என்ன? ஐந்து லிட்டர் கூலர் ஜக் ஒன்று காபினிலேயே இருக்கட்டும். வெயிலில் இறங்கி ஹோஸ் இழுக்கிற நேரத்தில் கால் மணி, இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். தாகத்துக்காகக் காத்திருக்காதீர்கள். அதற்காக மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலும் போகாதீர்கள், அதுவும் கெடுதல். அங்கே கிடைக்கும் லபனில் உப்புப் போட்டுக் குடித்தால் நம் மோருக்குச் சமானம். டாக்டர் வேறுவிதமாகச் சொன்னால் அவர் சொல்படி. ஜூன் 15-லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12 முதல் 3 வரை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கக் கூடாது என்று சவூதியில் சட்டமே இருக்கிறது. லோடு இறக்குவதை அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

பட்டிக்குப் போகிறவர் என்பதால் இன்னொன்று. நுரையீரலைத் தாக்கும் மெர்ஸ் காய்ச்சல் 2012-இல் முதலில் தெரியவந்ததே சவூதியில்தான்; ஒட்டகத்திடமிருந்து மனிதருக்கு வரக்கூடியது. மூக்கொழுகும் ஒட்டகத்திடம் முகத்தை நீட்டாதீர்கள், திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பட்டிக்காரர் அன்போடு கறந்து தரும் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மறுப்பது மரியாதைக் குறைவாகப் படும், தெரியும். வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

கடைசியாக எலும்பு. ஒட்டகம் கறி தின்னாது. அந்த மண்ணில் முளைக்கும் காய்ந்த புல்லிலும் முள்ளிலும் பாஸ்பரஸ் குறைவு. உடம்பில் அது குறையும்போது எலும்பை மெல்லத் தோன்றும். நம் ஊரில் சில மாடுகள் எலும்பையும் பழந்துணியையும் மென்றுகொண்டு நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அகநானூற்றின் 245-ஆம் பாட்டில், பாலை வழியில் உலர்ந்துகிடக்கும் வெள்ளை எலும்பைத் தின்று ஒட்டகம் பசியாறுவதாக மதுரை மருதன் இளநாகனார் பாடியிருக்கிறார். ‘புலவருக்கு ஒட்டகத்தைப் பற்றி என்ன தெரியும்’ என்று கல்லூரியில் நாங்கள் கேலி செய்ததுண்டு. பீகானேரில் என் கண்ணாலேயே பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். நீங்களும் இப்போது பார்த்துவிட்டீர்கள்.

ஆனால் பாட்டில் வருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. செத்த பிராணியின் எலும்பில் பொட்டுலிசம் நஞ்சு இருக்கலாம். மென்ற ஒட்டகத்துக்கு நாக்குத் தொங்கி, கால் தளர்ந்து, சில நாளில் செத்துவிடும். பட்டிக்காரரிடம் தாது உப்புக் கட்டி வாங்கித் தொட்டிப் பக்கம் தொங்கவிடச் சொல்லுங்கள், தீவனக் கடைகளில் கிடைக்கும். கிடக்கிற எலும்புகளைப் பொறுக்கிக் குழி வெட்டிப் புதைக்கட்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கிரியாட்டினின் எண்ணையும் சேர்த்து.